கையில் 5 லட்சம்: கடனை அடைப்பதா, டெபாசிட்டில் போடுவதா, ஃபண்டில் விடுவதா?

தங்கை மகன் கோவையில் தனியார் வேலையில் இருக்கிறான். கட்டிவந்த ஏலச்சீட்டு முடிந்து வந்த பணமும், கம்பெனி கொடுத்த ஊக்கத்தொகையும் சேர்ந்து அவன் கையில் 5 லட்சம் ரூபாய் நின்றது. "மாமா, இதை எங்க போடலாம்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை. நூற்பாலைகளில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். வட்டிக் கணக்கு போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கே போடலாம் என்று கேட்டு வருகிறவனிடம், எங்கெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டேன். வீட்டுக் கடன் பாக்கி 30 லட்சம், வட்டி 8.5%, இன்னும் 20 வருடம், மாதத் தவணை 26,035 ரூபாய். அப்புறம் கொஞ்சம் தயங்கி, கிரெடிட் கார்டில் 80,000 நிற்கிறது என்றான். வீடு குடிபோனபோது வாங்கிய ஃபிரிட்ஜும் கட்டிலும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவசரத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பணம்: இல்லை.

டெபாசிட், பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதி, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட், வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது என்று நாலு யோசனையை அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான். கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. நிறையப் பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது. சேமிப்பை ஒரு நோட்டிலும் கடனை இன்னொரு நோட்டிலும் எழுதி வைப்பார்கள். கூட்டு வட்டிக்கு இரண்டும் ஒரே நோட்டுதான்.

கார்டும் கைமாற்று நோட்டும்

மாதம் 3.5% என்று கார்டு அறிக்கையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 12-ஆல் பெருக்கினால் 42%. ஆனால் கட்டாத வட்டி அடுத்த மாதம் அசலோடு சேர்ந்து தானும் வட்டி கேட்கும். அதனால் உண்மையான வருடக் கணக்கு 51%. ஒன்றுமே கட்டாமல் விட்டால் கடன் இரட்டிப்பாக 20 மாதம் போதும்.

அவன் ஒன்றும் கட்டாமல் இல்லை. மாதாமாதம் 'குறைந்தபட்சத் தொகை'யைத் தவறாமல் கட்டுகிறான். கேட்டால், "ட்யூ எதுவும் இல்லை மாமா" என்பான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். 80,000 ரூபாய்க்குப் புதுச் செலவு ஒரு பைசாகூடச் சேர்க்காமல், பாக்கியில் 5% மட்டும் மாதாமாதம் கட்டினால், 12 மாதத்தில் கையை விட்டுப் போவது சுமார் 45,350 ரூபாய். மிச்சம் நிற்கும் கடன் 65,300-க்கு மேல். 45,000 ரூபாய்க்கு மேல் கட்டி, கடன் குறைந்தது 15,000-க்கும் கீழே. வட்டியின்மேல் 18% ஜிஎஸ்டி வேறு உண்டு, அதை நான் சேர்க்கவே இல்லை.

இந்த 80,000-ஐ அடைப்பது என்பது 42 சதவீதத்துக்கு மேல் உத்தரவாதமாக லாபம் தரும் முதலீட்டில் போடுவதற்குச் சமம். அப்படி ஒரு முதலீடு உலகத்தில் எங்கும் விற்பனைக்கு இல்லை. யாராவது விற்க வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அதனால் மற்ற நாலு யோசனைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே தேவையில்லை. முதல் வேலை கார்டு.

கார்டு என்றதும் நகரத்து வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் 'நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி' என்று நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குவது இன்றும் உண்டு. மாதத்துக்கு 2 ரூபாய், வருடத்துக்கு 24%. மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் அது தனி வட்டிதான். வட்டிக்கு வட்டி கேட்பதில்லை என்று கடன் கொடுப்பவர் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஆனால் இந்தப் பிராமிசரி நோட்டை வைத்து வழக்குப் போடச் சட்டப்படி 3 வருடம்தான் காலக்கெடு. அதனால் மூன்று வருடம் முடியும் முன் நோட்டை மாற்றி எழுதுவார்கள். அப்போது கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்துப் புது நோட்டில் அசலாகவே எழுதிக்கொள்வார்கள். 1 லட்சம், மூன்று வருடத்தில் 1,72,000. அடுத்த நோட்டில் 2,95,840. மூன்றாவது நோட்டும் முடிந்து ஒன்பதாவது வருடம் வரும்போது 5 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேல். தனி வட்டியாகவே இருந்திருந்தால் 3,16,000-தான். வித்தியாசம் முழுக்க நோட்டை மாற்றி எழுதிய அந்த இரண்டு நாட்களில் பிறந்தது. தமிழ்நாட்டில் அதீத வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுத் திண்ணையில் எழுதப்படும் நோட்டைக் கடன் வாங்கியவன் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

நகைக் கடனிலும் இதே கதைதான். வருடக் கடைசியில் வட்டியைக் கட்டாமல், வட்டியையும் சேர்த்து நகையை மாற்றி வைத்தால், அன்றிலிருந்து அது கூட்டு வட்டி. வட்டியை மட்டுமாவது ரொக்கமாகக் கட்டிவிட்டு மாற்றி வைப்பது நல்லது.

வீட்டுக் கடன்: 15 லட்சமா, 5 லட்சமா?

இதுதான் அவனுக்கும் எனக்கும் அதிக நேரம் பிடித்த இடம்.

30 லட்சம், 8.5%, 240 தவணை. இப்படியே போனால் மொத்தம் கட்டப்போவது சுமார் 62 லட்சத்து 48 ஆயிரம். அதாவது வட்டி மட்டும் 32 லட்சத்துக்கு மேல். வரும் 12 மாதத்தில் அவன் கட்டப்போவது 3,12,000 ரூபாய், அதில் அசலில் குறையப்போவது 60,000-க்கும் கொஞ்சம் குறைவு. அட்டவணையில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து என் தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள்.

5 லட்சத்தையும் இன்றே வீட்டுக் கடனில் கட்டிவிட்டால்? மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் பணம் கட்டும்போது கவுண்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள்: தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா?

காலத்தைக் குறைத்தால், அதே 26,035 ரூபாய் தவணையில் கடன் 162 மாதத்தில் முடிகிறது. 20 வருடம் என்பது பதின்மூன்றரை வருடம் ஆகிறது. மிச்சமாகும் வட்டி சுமார் 15 லட்சத்து 43 ஆயிரம். தவணையைக் குறைத்தால், மாதத் தவணை 21,696 ஆகும், காலம் அதே 20 வருடம். மிச்சமாகும் வட்டி 5 லட்சத்து 41 ஆயிரம். அதே 5 லட்சம், அதே வட்டி விகிதம், ஆனால் 10 லட்சம் வித்தியாசம். "அப்ப காலத்தைக் குறைக்கறதுதானே மாமா லாபம்?" என்றான்.

பாதி சரி. இதை விளக்கத்தான் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. தவணையைக் குறைத்தவனுக்கு மாதம் 4,339 ரூபாய் கையில் மிஞ்சுகிறது. அதை அவன் 20 வருடமும் 8.5 சதவீதத்தில் எங்கோ சேர்த்தால், கடைசியில் 27 லட்சத்து 20 ஆயிரம் இருக்கும். காலத்தைக் குறைத்தவனுக்குப் பதின்மூன்றரை வருடம் ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் ஆறரை வருடம் முழுத் தவணையும் கையில் நிற்கும். அதை அதே 8.5 சதவீதத்தில் சேர்த்தால் அவனிடமும் 27 லட்சத்து 20 ஆயிரம்தான் இருக்கும். 5 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 20 வருடம் கூட்டு வட்டிக்கு விட்டால் எவ்வளவு? அதுவும் 27 லட்சத்து 20 ஆயிரமே.

ஆக, இரண்டு வழியும் கணக்கில் ஒன்றுதான். வித்தியாசம் ஆளிடம் இருக்கிறது. மாதம் 4,339 ரூபாய் மிஞ்சினால் நம்மில் பத்தில் ஒன்பது பேர் அதைச் சேர்க்க மாட்டோம். ஓடிடி சந்தாவிலும் வெளிச் சாப்பாட்டிலும் கரைந்துவிடும். காலத்தைக் குறைத்தால் அந்தப் பணம் கண்ணிலேயே படாது, படாதது செலவாகாது. அதனால் காலத்தைக் குறைக்கச் சொன்னேன். ஆனால் கடன் முடிந்த மறுமாதம் 26,035 ரூபாய் எங்கே போகிறது என்பதில்தான் 15 லட்சம் வெறும் காகிதக் கணக்கா, நிஜப் பணமா என்பது இருக்கிறது. கடன் முடிந்த சந்தோஷத்தில் கார் தவணை ஆரம்பித்தால், குட்டி போட்டுக்கொண்டிருந்த ஆட்டை விற்றுவிட்டதாக அர்த்தம்.

நான் அப்படி விற்றவன்தான். 2003-இல் ஒரு மில்லிலிருந்து இன்னொரு மில்லுக்கு மாறினேன். வருங்கால வைப்பு நிதியில் 60,000 ரூபாய் இருந்தது. புது இடத்துக் கணக்குக்கு மாற்றியிருக்கலாம். படிவம் நிரப்ப அலுப்பு, பைக் வாங்கும் ஆசை. எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்த 22 வருடத்தில் பி.எஃப். வட்டி ஒரு வருடம்கூட 8.1 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. 8.1% என்றே வைத்துப் பார்த்தாலும் அது இன்றைக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். பைக்கைப் பழைய இரும்புக் கடைக்காரர் 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக் கடனை விடுவதற்கு முன் இன்னொன்று. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 2025-இல் 6.5%-லிருந்து படிப்படியாக 5.25%-க்குக் கொண்டுவந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. அவற்றில் குறைப்பு தானாக வந்து சேரும். இவன் வாங்கியது வங்கியில் இல்லை, வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றில். அங்கே நாம் போய்க் கேட்டால்தான் பேச்சு நடக்கும். கேட்டு அரை சதவீதம் குறைந்து 8% ஆகி, தவணையை மட்டும் அதே 26,035 ரூபாயாக விட்டால் என்ன ஆகும்? 240 தவணை 220 ஆகிவிடுகிறது. 20 தவணை என்றால் 5 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 5 லட்சத்தை எங்கே போடுவது என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டவன், ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் 5 லட்சத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. மாற்றுக் கட்டணம் என்று கொஞ்சம் கேட்பார்கள், இந்தத் தொகைக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை.

கூட்டு வட்டியில் நம் கண் தவறான இடத்துக்கே போகும் என்பதற்கு 2020-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம் என்று சலுகை வந்தது. அந்த ஆறு மாத வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த வித்தியாசத்தை அரசே தந்தது. 2021 மார்ச்சில், சலுகைக் காலத்து வட்டிக்கு யாரிடமும் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பும் வந்தது. நியாயமான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் இவனுடையதைப் போல 30 லட்சக் கடனுக்கு 8.5 சதவீதத்தில் ஆறு மாதத்துத் தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசம் சுமார் 2,300 ரூபாய். தவணையை மாற்றாமல், கட்டாமல் விட்ட வட்டியை அப்படியே 20 வருடத்துக்கு அசலில் ஏற்றிக்கொண்டால் கூடுதலாகக் கட்ட வேண்டியது 30 தவணை, கிட்டத்தட்ட 7 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். ஆறு மாதத்தில் பல் முளைக்காத கூட்டு வட்டி, 20 வருடத்தில் எலும்பைக் கடிக்கும். 2,300 ரூபாய் தலைப்புச் செய்தி ஆனது, 7 லட்சம் அட்டவணையின் அடியில் படுத்துக் கிடந்தது.

டெபாசிட்டும் பிபிஎஃப்பும்

வங்கி டெபாசிட் பற்றிச் சுருக்கமாக. 6.5% என்று போர்டில் எழுதியிருந்தால், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்வதால் வருடத்துக்கு 6.66% ஆகிறது. அதுவும் வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொள்ளாமல், சேரும் வகையில் போட்டால்தான். இவன் 20% வரி வரம்பில் இருக்கிறான். வரியின்மேல் போடும் செஸ் சேர்த்தால் 20.8%. வட்டி கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் வருடா வருடம் வரி உண்டு. வரி போக நிற்பது 5.3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 5 லட்சம் 20 வருடத்தில் 14 லட்சம் ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலைவாசி வருடத்துக்கு 5% ஏறினால், அன்றைய 14 லட்சம் இன்றைய 5 லட்சத்து 30 ஆயிரத்துக்குத்தான் சமம். 20 வருடம் ஓடி, நின்ற இடத்திலேயே நிற்பது போல.

வரி வரம்புக்குள்ளேயே வராதவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 8.2%, காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கைக்கு வந்துவிடும். அங்கே கூட்டு வட்டி நடக்கவே நடக்காது, நடக்கவும் வேண்டாம். எனக்கு மருந்துக்கும் மளிகைக்கும் பணம் வர வேண்டும், குட்டி போட அல்ல. 35 வயதுக்காரனுக்குச் சரியானதை 65 வயதுக்காரனுக்குச் சொல்வதும், அதைத் திருப்பிச் சொல்வதும்தான் குடும்பங்களில் நடக்கும் பாதிக் குழப்பம்.

பிபிஎஃப் இதைவிட நல்ல பிள்ளை. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. வட்டிக்கு வரி இல்லை. 5 லட்சத்தை 15 வருடமும் அதற்கு மேல் ஒரு 5 வருட நீட்டிப்பும் என்று 20 வருடம் விட முடிந்தால் 19 லட்சத்து 70 ஆயிரம் ஆகும். ஆனால் ஒரு நிதியாண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. அதனால் இவன் பணம் முழுதும் உள்ளே போக நாலு நிதியாண்டு ஆகும். 8.5% கடன் தலைமேல் இருக்கும்போது 7.1 சதவீதத்தில் பணம் போடுவதற்கு, பத்திரமாக இருக்கிறது என்பதைத் தவிரக் காரணம் இல்லை. கடனை அடைப்பதும் அதே அளவு பத்திரம்தான்.

ஏற்கெனவே பிபிஎஃப்பில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. வருடா வருடம் ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5-க்குள் போடுகிறவருக்கு 15 வருடத்தில் 40 லட்சத்து 68 ஆயிரம். வரிக் கணக்குக்காக மார்ச் கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போடுகிறவருக்கு சுமார் 37 லட்சத்து 98 ஆயிரம். 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் வித்தியாசம், ஒரு ரூபாய்கூட அதிகம் போடாமல்.

பெண் குழந்தை இருப்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தையும் பார்த்தோம். 8.2%, வரி இல்லை. நாங்கள் பார்த்ததில் வீட்டுக் கடனின் 8.5 சதவீதத்துக்கு ஏறத்தாழச் சமமாக நிற்கும் பத்திரமான இடம் அதுதான். போட்டால் பெண்ணுக்கு 18 வயது ஆகும் வரை, அல்லது அவள் பத்தாம் வகுப்பு தேறும் வரை, எளிதில் தொட முடியாது என்பது சிலருக்குக் குறை. என் அனுபவத்தில் அதுதான் அதன் பெரிய குணம். 2003-இல் என் பி.எஃப்.பையும் இப்படித் தொட முடியாதபடி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபண்ட் 8.5 சதவீதத்தை ஜெயிக்குமா?

இதற்கு நேர்மையான பதில்: நீண்ட காலத்தில் பெரும்பாலும் ஜெயிக்கும், ஆனால் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி குறியீடு, 1995 நவம்பரை அடிப்படையாக வைத்து 1,000 புள்ளியில் ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் 26,000-ஐத் தாண்டியது. ஈவுத்தொகையைச் சேர்க்காமலே வருடத்துக்கு 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் உச்சத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். இதே நிஃப்டி 2008 ஜனவரியில் 6,000-க்கு மேல் இருந்து, அக்டோபர் கடைசியில் 2,500 அருகே விழுந்து கிடந்தது. அந்த ஜனவரியில் 5 லட்சம் போட்டவர் பத்து மாதத்தில் 2 லட்சத்தைத்தான் பார்த்திருப்பார். அங்கே பதறி விற்றவருக்குக் கூட்டு வட்டி என்ற பேச்சே இல்லை.

வீட்டுக் கடனோடு ஒப்பிட எந்த விகிதம் தேவை என்று பார்த்தோம். பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% வரி. 20 வருடம் கழித்து மொத்தமாக எடுத்து, வரியும் கட்டி, கையில் 27 லட்சத்து 20 ஆயிரம் நிற்க வேண்டுமானால், ஃபண்ட் வருடத்துக்குச் சுமார் 9.4% தர வேண்டும். அதுதான் கோடு. 11% கிடைத்தால் வரிக்கு முன் 40 லட்சம், வரி போக 36 லட்சத்துக்கு அருகில். 7% மட்டுமே கிடைத்தால் வரிக்கு முன்பே 19 லட்சம்தான், பிபிஎஃப்பே தேவலை என்றாகிவிடும்.

பழைய வரி முறையில் இருப்பவர் என்றால் இந்தக் கோடு கொஞ்சம் இறங்கும். அதில் வீட்டுக் கடன் வட்டியில் 2 லட்சம் வரை கழிவு கிடைக்கிறது, அதனால் கடனின் நிகரச் செலவு குறைவு. புதிய முறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. இவன் புதிய முறை. 8.5% என்றால் முழுசாக 8.5%தான்.

ஃபண்டில் போடுவதானால் செலவு விகிதத்தையும் பார்க்கச் சொன்னேன். முகவர் வழியாக வாங்கும் திட்டத்துக்கும் நேரடித் திட்டத்துக்கும் வருடத்துக்கு ஒரு சதவீதம் வரைகூட வித்தியாசம் வரும். 11 சதவீதத்தில் 40 லட்சம் ஆகும் 5 லட்சம், 10 சதவீதத்தில் 33 லட்சத்து 60 ஆயிரம்தான் ஆகும். ஒரு சதவீதம் என்று சொல்லிக் கழித்த கமிஷன், 20 வருடத்தில் போட்ட அசலைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுகிறது. கூட்டு வட்டி நமக்கு மட்டுமா வேலை செய்யும்? கட்டணம் வாங்குகிறவருக்கும் அதே கணக்குதான்.

ஆக, 9.4 சதவீதக் கோட்டைத் தாண்டும் என்ற நம்பிக்கையும், பாதியாக விழுந்தாலும் தூங்கும் மனசும் இருப்பவனுக்கு ஃபண்ட். இவனுக்கு அந்த மனசு உண்டா என்று எனக்குச் சந்தேகம். சீட்டு ஏலத்தில் இரண்டு மாதம் தள்ளுபடி குறைந்தாலே வீட்டில் புலம்புகிறவன். அவனிடமே கேட்டேன், "உன் 5 லட்சம் ரெண்டே காலா ஆச்சுன்னா என்ன பண்ணுவ?" யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான். அது பதில் இல்லை.

கடைசியில் என்ன செய்தோம்

கார்டுக்கு 80,000. இதில் பேச்சே இல்லை.

1,80,000 ரூபாயை 60,000 வீதம் மூன்று டெபாசிட்டாக வங்கியில் போட்டான். மேலே டெபாசிட்டை அவ்வளவு திட்டிவிட்டு இப்போது அதிலேயே போடச் சொன்னது ஏன் என்று அவனும் கேட்டான். வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ கையில் பணம் இல்லாதவன் மறுபடி கார்டைத்தான் தேய்ப்பான், இல்லை விழுந்து கிடக்கும் ஃபண்டை விற்பான். 5 சதவீதத்தில் தூங்கும் இந்தப் பணம் மற்ற இடங்களில் கூட்டு வட்டி அறுபடாமல் ஓடுவதற்குக் கொடுக்கும் காவல் கூலி. மூன்றாகப் பிரித்தது, தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம் என்பதற்காக.

2 லட்சம் வீட்டுக் கடனுக்கு, காலத்தைக் குறைக்கும்படி. மிச்சம் 40,000 ரூபாயில் செல்வமகள் கணக்கு. ஃபண்டுக்கு இந்த 5 லட்சத்திலிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் கார்டுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்த 4,000 ரூபாய் இருக்கிறதே, அது பழகிப்போன செலவு. அதை அப்படியே இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபியாக, அதாவது மாதாமாதம் போடும் முதலீடாக, திருப்பிவிட்டான். வருடத்துக்கு 10% கிடைத்தால் 20 வருடத்தில் சுமார் 29 லட்சம். பத்து வருடம் தள்ளி ஆரம்பித்திருந்தால் அதே தேதியில் 8 லட்சம்தான் இருக்கும். மாதம் நாலாயிரம் என்பதால் விழுந்தாலும் அவன் தூங்குவான் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

வட்டியைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வந்த மூன்றாவது வாரம் போன் செய்தான்.

"மாமா, எட்டு பர்சென்ட் ஆக்கிட்டாங்க. தவணையையும் குறைச்சுத் தரோம்ங்கறாங்க. குறைக்கச் சொல்லட்டுமா?"

2 லட்சம் போக 28 லட்சம், 8%, அதே 26,035. பக்கத்தில் இருந்த நாட்காட்டித் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். 190 தவணை. 240-இல் 50 குறைந்திருந்தது.

"அப்படியே விடச் சொல்லு," என்றேன்.